தண்டுக்கு ஒரு பெயர்



ஒரு தென்னையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஓலை உதிர்ந்து ஆற்றோடு போகிறது. குரும்பை ஒரு மடுவில் ஒதுங்குகிறது. மகரந்தம் காற்றில் பறந்து எங்கோ சேற்றில் படிகிறது. ஒரு நாள் மரமும் சாய்கிறது; அடிமரத்தில் இரண்டு முழம் மட்டும் மணலுக்குள் புதைந்து கல்லாகிறது. பல கோடி ஆண்டுகள் கழிந்து இவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரில், ஒருவரையொருவர் அறியாத ஆட்களின் கையில் கிடைக்கின்றன. தென்னை என்ற மரத்தையே கண்டிராத அவர்கள், இவையெல்லாம் ஒரே மரத்தின் உறுப்புகள் என்று எப்படி அறிவார்கள்?

தொல்தாவரவியலில் இது கற்பனை அன்று, அன்றாட நிலை. முழுச் செடி வேரோடும் இலையோடும் விதையோடும் ஒரே பாறையில் கிடைப்பது மிக அரிது. கிடைப்பவை உறுப்புகள். அவற்றுள்ளும் தண்டுதான் இன்றைய என் பேச்சு. பூவையும் கனியையும் பார்த்துச் செடிகளை வகைப்படுத்தப் பழகிய அறிவியலுக்கு, பூவும் கனியும் இல்லாத ஒரு கட்டையைக் கையில் கொடுத்தால் என்ன பெயர் வைப்பது, எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்டு எதைக் காட்டுகிறதோ அந்த அளவுக்குத்தான் அதன் பெயர் பேச வேண்டும். உறவுமுறை பிறகு வரட்டும். சான்று வந்த பின் வரட்டும். இதைக் கற்றுக்கொள்ளத் தாவரவியலுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

வாழும் தாவரங்களின் பெயர்க்கணக்கு லின்னேயஸின் நூல் வந்த 1753இல் தொடங்குகிறது. புதைபடிவத் தாவரங்களுக்குக் கணக்கு வேறு. 1820 டிசம்பர் 31தான் அவற்றின் தொடக்க நாள். காஸ்பர் ஸ்டெர்ன்பெர்க் என்ற பொஹீமியப் பிரபு, பண்டைய உலகின் தாவரங்களைப் பற்றித் தாம் எழுதத் தொடங்கிய பெருநூலின் முதல் பகுதியை வெளியிட்ட ஆண்டு அது. பாசிகள், பூஞ்சைகள், தாவரங்கள் ஆகியவற்றுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பு இன்றும் அந்த நாளையே எல்லையாக வைத்திருக்கிறது. அந்த விதித்தொகுப்பு புதைபடிவங்களுக்கு மட்டும் ஒரு தனிச் சலுகையும் தருகிறது: ஒரே செடியின் வெவ்வேறு உறுப்புகளுக்கும், வெவ்வேறு வளர்நிலைகளுக்கும், ஏன், ஒரே உறுப்பு வெவ்வேறு விதமாகப் பதிந்த நிலைகளுக்கும்கூடத் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்ளலாம். வாழும் செடிக்கு ஒரு பெயர்தான். புதைந்த செடிக்கு ஐந்து பெயர் இருந்தாலும் குற்றமில்லை.

மாணவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். இது குழப்பம் அல்லவா என்பார்கள். குழப்பம் எப்படித் தீர்கிறது என்பதைக் காட்ட நிலக்கரிக் காலத்து மரம் ஒன்றைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சதுப்புக் காடுகளாக நின்ற மரங்கள் இன்று நிலக்கரியாக இருக்கின்றன. சுரங்கத் தொழிலாளர்கள் கரிப் படுகைக்கு மேலுள்ள களிப்பாறையைப் பிளக்கும்போதெல்லாம் சாய்சதுரத் தழும்புகள் வரிசை வரிசையாகப் பதிந்த தண்டுகள் கிடைத்தன. இலைகள் ஒட்டியிருந்து உதிர்ந்த இடங்கள் அவை. அந்தத் தண்டுக்கு ஸ்டெர்ன்பெர்க் 1820இல் வைத்த பெயர் லெப்பிடோடென்ட்ரான். தழும்புகள் நெடுக்குவாட்டில் நிரல்நிரலாக, முத்திரை குத்தியதுபோல இருந்த இன்னொரு வகைக்கு 1822இல் பிரெஞ்சு அறிஞர் அடால்ஃப் ப்ரோங்னியார் சிகில்லேரியா என்று பெயரிட்டார். வட்ட வட்டமான குழிகள் சிதறிய, கிளைத்துப் படர்ந்த மற்றோர் உறுப்புக்கு அவரே ஸ்டிக்மேரியா என்று பெயர் வைத்தார்.

அதோடு நிற்கவில்லை. இம்மரங்களுக்குப் பட்டை மிகத் தடிமன். அது அடுக்கடுக்காக உரியக்கூடியது. மேல்தோல் மட்டும் போன நிலையில் பாறையில் பதிந்த தண்டு ஒரு மாதிரி தெரியும். இன்னும் ஆழமாக உரிந்த நிலையில் பதிந்தது வேறு மாதிரி தெரியும். பெர்கேரியா, ஆஸ்பிடியாரியா, நோரியா என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பேரினப் பெயர் வந்தது. பிறகுதான் இவை தனித்தனி மரங்கள் அல்ல, பட்டை உரிந்த ஆழத்தின் வேறுபாடுகளே என்பது விளங்கியது. ஒரே அடிமரத்தின் மேற்பகுதி ஒரு பெயரையும் கீழ்ப்பகுதி வேறொரு பெயரையும் தாங்கிக் கிடக்கும் பதிவுகளும் உண்டு.

ஸ்டிக்மேரியாவின் புதிர் நிலத்திலேயே தீர்ந்தது. 1840இல் வில்லியம் லோகன், தென் வேல்ஸ் சுரங்கங்களில் ஒவ்வொரு நிலக்கரிப் படுகைக்கும் அடியில் உள்ள களிமண்ணில் ஸ்டிக்மேரியா இருப்பதைக் கவனித்துச் சொன்னார். காடு நின்ற மண் அது. ஸ்டிக்மேரியா அந்தக் காட்டின் நிலத்தடி உறுப்பு. பின்னர் நின்றவாறே புதைந்த சிகில்லேரியா அடிமரங்களோடு அது ஒட்டியிருப்பதும் தெரியவந்தது. ஆனால் லெப்பிடோடென்ட்ரானின் அடியும் இதே ஸ்டிக்மேரியாதான். ஆகவே ஸ்டிக்மேரியா என்ற பெயரை நீக்கிவிட்டு மரத்தின் பெயரை வைக்கலாமா என்றால் முடியாது: தனியே கிடைக்கும் ஒரு வேர்த்துண்டு எந்த மரத்துக்கு உரியது என்று சொல்ல வழியில்லை. அதனால் அந்தப் பெயர் இன்றும் பயனில் இருக்கிறது. ஒரே மரத்தில் தண்டுக்கு ஒரு பெயர், வேருக்கு ஒரு பெயர், கூம்புக்கு லெப்பிடோஸ்ட்ரோபஸ், சிறுவித்துக்கு லைக்கோஸ்போரா. முழு மரத்தைக் குறிக்க வேண்டும்போது மட்டும் வழக்கில் தண்டின் பெயரையே சொல்கிறார்கள். தண்டுக்குக் கிடைத்த ஒரு மரியாதை என்றே இதை நான் எண்ணுகிறேன்.

கலமைட்டிஸ் இன்னும் வியப்பானது. கணுக்களும் நெடுங்கோடுகளும் கொண்ட, மூங்கிலை ஒத்த கல் அது. பார்த்தவர்கள் தண்டின் மேற்பரப்பு என்றே நினைத்தார்கள். உண்மையில் அது தண்டின் நடுவே இருந்த உட்பொள்ளலில் சேறு புகுந்து இறுகிய அச்சு. நாம் தொட்டுப் பார்க்கும் கோடுகள் கட்டையின் உட்புறம் பதித்த கோடுகள். மரம் அழிந்துவிட்டது, அதன் வெற்றிடம் கல்லாக நிற்கிறது. கட்டை கல்லாகிக் கிடைத்தால் அதற்கு ஆர்த்ரோபிட்டிஸ் என்று வேறு பெயர். இலைக்கொத்துக்கு ஆனுலேரியா அல்லது ஆஸ்டெரோஃபில்லைட்டிஸ்.

இனி வகைப்பாட்டுக்கு வருகிறேன். பெயர் தவறினால் திருத்தலாம். வகைப்பாடு தவறினால் ஒரு தலைமுறையின் சிந்தனையே திசைமாறும். அப்படி ஒன்று நடந்தது.

1839இல் ப்ரோங்னியார், பிரான்சின் ஓத்தூன் பகுதியில் கிடைத்த, சிலிக்கா ஏறிக் கல்லான ஒரு சிகில்லேரியாத் தண்டின் உள்ளமைப்பை ஆராய்ந்தார். அதில் இரண்டாம் நிலைக் கட்டை, அதாவது ஆண்டுக்கு ஆண்டு தடித்து வளரும் மரத்திசு, வளையமாக இருந்தது. இன்று வாழும் லைக்கோபோடியம் போன்ற சிறு செடிகளில் அந்தத் திசு கிடையாது. பெரணியிலும் பொதுவாகக் கிடையாது. கட்டை வளர்வது விதைத் தாவரங்களில்தான் என்பது அன்றைய அறிவு. ஆகவே சிகில்லேரியா திறந்த விதைத் தாவரம், அதாவது சைக்கஸ், பைன் போன்றவற்றின் இனம் என்று அவர் முடிவுகட்டினார். இதே அளவுகோலால் கலமைட்டிஸையும் இரண்டாகப் பிரித்தார்: கட்டை உள்ளவை ஒரு வகுப்பு, இல்லாதவை வேறு வகுப்பு. ப்ரோங்னியார் சாதாரண ஆள் அல்லர். புதைபடிவத் தாவரவியலை ஓர் ஒழுங்கான துறையாக்கியவர். அவர் சொன்னது ஐரோப்பா முழுவதும் எடுபட்டது.

மறுத்தவர் மான்செஸ்டரின் வில்லியம் கிராஃபோர்ட் வில்லியம்சன். தொழிலால் மருத்துவர், ஓவன்ஸ் கல்லூரியில் ஆசிரியர். நிலக்கரிப் படுகைகளில் கிடைக்கும் கல்லான தண்டுகளை மெல்லிய சீவல்களாக அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தார். ஒரு துண்டோடு நிற்காமல் இளங்கொம்பு முதல் முதிர்ந்த அடிமரம் வரை வரிசையாகப் பார்த்தார் என்பதுதான் முக்கியம். கொம்பில் கட்டை இல்லை, சற்று முதிர்ந்ததில் சிறிது இருக்கிறது, முதிர்ந்ததில் நிறைய. ஆக, கட்டை உள்ளதும் இல்லாததும் இரண்டு வகுப்பல்ல, ஒரே செடியின் இரண்டு பருவம். லைக்கோபோடியத்தின் இனம் ஒரு காலத்தில் மரமாக வளர்ந்தது, மரமாக வளர்ந்ததால் கட்டையும் வளர்த்தது என்றார். 1871 முதல் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் அவர் எழுதிய நீண்ட கட்டுரைத் தொடர், என் மதிப்பீட்டில், தண்டைப் படிக்கத் தெரிந்த ஒருவரின் ஆகச் சிறந்த உழைப்பு.

பிரெஞ்சு அறிஞர்கள் எளிதில் ஏற்கவில்லை. வழக்கு கடைசியில் பிரான்சிலேயே தீர்ந்தது. 1884இல் ரெனே ஸெய்யே சிகில்லேரியாவின் கூம்புகளை விவரித்தார். அவற்றில் விதை இல்லை, சிறுவித்துகள் இருந்தன. வில்லியம்சன் சொன்னது நிலைத்தது.

இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. ப்ரோங்னியார் பார்த்தது சரி. கட்டை அங்கே இருந்தது. அதிலிருந்து இனத்தை ஊகித்ததுதான் பிழை. தண்டு தடிப்பது ஒரு பண்பு. விதை உண்டாவது வேறொரு பண்பு. இரண்டும் எப்போதும் சேர்ந்தே வரும் என்று கொள்ள நியாயம் இல்லை.

இதே பாடம் மறுபக்கத்திலிருந்தும் வந்தது. டெவோனியக் காலத்துப் பாறைகளில் பெரணி இலை போன்ற ஒன்றுக்கு 1871இல் டாசன் ஆர்க்கியாப்டெரிஸ் என்று பெயரிட்டிருந்தார். ஊசியிலை மரத்தின் கட்டையைப் போன்ற அமைப்புள்ள அடிமரங்களுக்கு 1911இல் ஜாலெஸ்கி கல்லிக்சைலான் என்று பெயரிட்டார். இலை பெரணிகளின் அதிகாரத்திலும் கட்டை விதைத் தாவரங்களின் அதிகாரத்திலும் பல ஆண்டுகள் அச்சாகிக்கொண்டிருந்தன. 1960இல் சார்ல்ஸ் பெக் நியூயார்க் மாநிலத்துப் படிவம் ஒன்றில் இரண்டும் ஒட்டியிருப்பதைக் காட்டினார். விதை இல்லாமல் சிறுவித்தால் பெருகிய, ஆனால் ஊசியிலை மரத்தைப் போலக் கட்டை வளர்த்த ஒரு தாவரக் கூட்டம் இருந்தது என்று அன்றுதான் உலகம் அறிந்தது. முன்விதைத் தாவரங்கள் என்று அவற்றை இன்று தனிக் கூட்டமாக வைக்கிறோம். இரண்டு உறுப்புகளுக்கும் முன்பே தனிப் பெயர்கள் ஒழுங்காக இருந்ததால்தான் பெக் இணைத்தது இன்னது இன்னதோடு என்று ஐயமில்லாமல் எழுத முடிந்தது.

ஒட்டியிருக்காமலே இணைத்த கதையும் உண்டு. இங்கிலாந்து நிலக்கரிப் படுகையில் கிடைத்த லைஜினாப்டெரிஸ் என்ற தண்டின் மேலும் இலைக்காம்பின் மேலும் தலை பருத்த சுரப்பிமயிர்கள் உண்டு. அதே வடிவச் சுரப்பிகள் லாகெனோஸ்டோமா என்ற விதையைச் சுற்றிய உறையிலும் இருப்பதை 1903இல் ஆலிவரும் ஸ்காட்டும் கண்டார்கள். பெரணி போன்ற இலையும் விதையும் கொண்ட தாவரங்கள் இருந்தன என்பது அந்தச் சுரப்பிகளால் தெரிந்தது.

இனி, கல்லான கட்டை மட்டும் கிடைத்தால் அதை எப்படிப் படிக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். வைர ரம்பத்தால் மூன்று திசையில் அறுப்பார்கள்: குறுக்கே ஒன்று, மையத்தை நோக்கி நெடுக்கே ஒன்று, வளையத்தைத் தொட்டவாறு நெடுக்கே ஒன்று. ஒவ்வொரு துண்டையும் கண்ணாடியில் ஒட்டி, மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அளவுக்கு ஒளி ஊடுருவும்வரை தேய்ப்பார்கள். குறுக்குவெட்டில் வளர்வளையமும் சைலக்குழாய்களும் தெரியும். நெடுக்குவெட்டுகளில் திசுச் சுவர்களில் உள்ள நுண்குழிகளின் அடுக்கும், கதிர்த்திசுவின் உயரமும் அகலமும் தெரியும். இவற்றைக் கொண்டே பெயர். அப்பெயர்கள் பெரும்பாலும் மரக்கட்டை என்று பொருள்படும் சைலான் என்ற ஈற்றோடு முடியும்.

இங்கேதான் நான் முன்பு சொன்ன ஆபத்து மறுபடி வருகிறது. நுண்குழிகள் நெருக்கமாக, அறுகோணமாக அடுக்கியிருக்கும் ஒரு வகைக் கட்டை இன்றைய அராக்கேரியா மரத்தில் காணப்படுகிறது. அதனால் 1870இல் கிராவுஸ் அத்தகைய கல்லான கட்டைகளுக்கு அராக்கேரியாக்சைலான் என்று பெயர் வைத்தார். ஆனால் இதே அமைப்பு கார்டைட்டிஸ் போன்ற, அராக்கேரியாவுக்கு நெருங்கிய உறவில்லாத பழங்காலத் தாவரங்களிலும் உண்டு. பெயரைப் படிப்பவர் அராக்கேரியாவின் முன்னோர் என்று எண்ணிக்கொள்வார். கட்டை அப்படி எதுவும் சொல்லவில்லை. இத்தனைக்கும் அதே வகைக் கட்டைக்கு 1847இல் எண்ட்லிஷர் வைத்த டாடாக்சைலான், 1848இல் ஹார்ட்டிக் வைத்த அகாத்தாக்சைலான் என்ற முந்திய பெயர்களும் இருந்தன. மூன்று பெயரும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆளுக்கொன்றாகப் புழங்கின. 2014இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி எழுதிய கட்டுரையில் அகாத்தாக்சைலானையே கொள்ளலாம் என்று பரிந்துரைத்தார்கள்.

அமெரிக்காவின் அரிசோனாவில் கல்மரக் காடு ஒன்று தேசியப் பூங்காவாக இருக்கிறது. அங்குள்ள மரங்களுக்கு நோல்ட்டன் வைத்த பெயர் அராக்கேரியாக்சைலான் அரிசோனிக்கம். அந்த மாநிலம் 1988இல் அதைத் தன் அடையாளப் புதைபடிவமாகவே அறிவித்தது. 2007இல் சாவிட்ஜ் என்பவர் நோல்ட்டனின் மூலமாதிரிகளை எடுத்து மறுபடி ஆராய்ந்தார். அந்த ஒரு பெயரின் கீழ் வைக்கப்பட்டவை ஒரே வகைக் கட்டை அல்ல என்று கண்டார். வெளியே பார்த்தால் எல்லாம் வண்ணக் கற்கள்தான். சீவிப் பார்த்தால்தான் வேறுபாடு.

நம் நாட்டில் இத்துறையை வளர்த்தவர் பீர்பல் சாஹ்னி. 1932இல் ராஜ்மஹால் குன்றுகளில் கிடைத்த, சைலக்குழாய் இல்லாத ஒரு கட்டைக்கு ஹோமாக்சைலான் ராஜ்மஹாலென்ஸ் என்று பெயரிட்டு, அது பூக்கும் தாவரத்தின் கட்டை என்றார். மக்னோலியாவுக்கு நெருங்கிய சில வாழும் மரங்களில் அப்படிப்பட்ட கட்டை உண்டு. அதனால் அந்த எண்ணம். பின்வந்த ஆய்வுகள், அழிந்துபோன பெனட்டிட்டேல்ஸ் என்ற திறந்த விதைத் தாவரங்களின் பக்கம் அதைத் திருப்பின. 1954இல் போஸும் சாஹும் அதற்குச் சாஹ்னியாக்சைலான் என்ற புதுப்பெயர் சூட்டினார்கள். ஆசிரியரின் முடிவு மாறியது. ஆசிரியரின் பெயர் அந்தக் கட்டையில் நின்றது. நல்ல ஆய்வு மரபுக்கு இது அழகு என்பேன்.

அதே ராஜ்மஹாலில், இன்றைய ஜார்க்கண்டின் நிபானியா என்ற ஊரில் கிடைத்த தண்டுதான் உலகப் பாடநூல்களில் இடம்பெற்ற பென்டாக்சைலான். மெல்லிய தண்டு, ஆனால் குறுக்கே அறுத்தால் ஒரு மரவளையத்துக்குப் பதில், பெரும்பாலும் ஐந்து தனித்தனி மரத்துண்டங்கள் வட்டமாக நிற்கும். ஸ்ரீவாஸ்தவா அதற்குப் பென்டாக்சைலான் சாஹ்னியை என்று பெயரிட்டார். ஐந்து கட்டை என்ற அந்தப் பெயர் எந்த உறவையும் கோரவில்லை. கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறது. அதனாலேயே இன்றுவரை அதில் மாற்றம் தேவைப்படவில்லை. இலைக்கு நிபானியோஃபில்லம், பெண்கூம்புக்குக் கார்னோகோனைட்டிஸ், ஆண் உறுப்புக்குச் சாஹ்னியா. தண்டும் இலையும் பெண்கூம்பும் ஒரே தாவரக் கூட்டம் என்று 1948இல் சாஹ்னி கட்டியெழுப்பிக் காட்டினார்.

தொடக்கத்தில் சொன்ன தென்னைக்கும் ஒரு சொல். தக்காணத்து எரிமலைப் பாறை அடுக்குகளுக்கு இடையே கல்லான பனைக்குடும்பத் தண்டுகள் ஏராளம். அவற்றுக்குப் பொதுப்பெயர் பால்மாக்சைலான். தென்னையை ஒத்த ஒன்றைச் சாஹ்னி பால்மாக்சைலான் சுந்தரம் என்று விவரித்தார். பனைத் தண்டின் வெளிப்புறம் வைரம் பாய்ந்து நார்க்கற்றைகள் நெருங்கியிருக்கும். உட்புறம் மென்மையாக அவை தள்ளித் தள்ளி இருக்கும் என்பது பனை அறுத்த எவருக்கும் தெரியும். கல்லானதில் உட்புறத்துத் துண்டு ஒருவருக்கும் வெளிப்புறத்துத் துண்டு வேறொருவருக்கும் கிடைத்தால் இரண்டு சிற்றினங்கள் பிறந்துவிடும். ஆகவே பால்மாக்சைலானில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையைப் பனைகளின் எண்ணிக்கையாகக் கொள்ளக் கூடாது.

கடைசியாக நம் ஊர்க் கல்மரங்கள். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கடலூர் மணற்பாறையில் கிடக்கும் அடிமரங்களின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் என்கிறது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன கட்டை ஒன்றுக்கு 1855இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்லைடன் பியூசே ஷ்மிடியானா என்று பெயரிட்டார். திசுக்கள் யாவும் உயிரணுக்களால் ஆனவை என்ற கொள்கையை வகுத்தவர்களில் ஒருவரான அதே ஷ்லைடன்தான். பியூசே என்பது அன்று ஊசியிலை மரக் கட்டைகளை மொத்தமாகப் போட்டுவைத்த பேரினம். 1931இல் சாஹ்னி அதைச் சீவார்டின் மெசெம்பிரியாக்சைலான் பேரினத்துக்கு மாற்றினார். சிற்றினப் பெயர் இலக்கணப்படி ஷ்மிடியானம் ஆயிற்று. சீவார்ட் 1919இல் அந்தப் பேரினத்தை அமைத்தபோது, கோத்தான் 1905இல் வெளியிட்ட பொடோகார்பாக்சைலானையும் அதற்குள் அடக்கியிருந்தார். முந்திய பெயர் இருக்க, அதை உள்ளடக்கிப் புதுப்பெயர் வைப்பதை விதி ஏற்பதில்லை. எனவே மெசெம்பிரியாக்சைலானைக் கைவிட வேண்டியதாயிற்று. பேரினங்கள் மாறின, ஷ்மிட் என்ற அடைமொழியும் ஷ்லைடன் கண்ட அந்தக் கட்டையும் மாறவில்லை. கடலூர்ப் பாறைகளின் மற்றக் கட்டைகளில் பெரும்பாலானவை பூக்கும் மரங்கள். ராமானுஜம், அவஸ்தி போன்றோர் மருதமரக் குடும்பத்தையும் டிப்டெரோகார்ப் குடும்பத்தையும் ஒத்த பல கட்டைகளை அங்கிருந்து விவரித்திருக்கிறார்கள். டிப்டெரோகார்ப் மரங்கள் ஈரக் காடுகளின் மரங்கள். வறண்டு கிடக்கும் அந்த மேட்டுநிலத்தின் பழைய காலநிலையைச் சொல்லும் சாட்சிகள் அவை.

இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு மூலமாதிரியோடு கட்டப்பட்டவை. புதைபடிவத்துக்கு மூலமாதிரி எப்போதும் ஒரு பொருளாகவே இருக்க வேண்டும். படம் மட்டும் போதாது. கட்டையைப் பல சீவல்களாக அறுத்திருந்தால் விவரிக்கப் பயன்பட்ட சீவல் ஒவ்வொன்றையும் அடையாளமிட்டு வைக்க வேண்டும் என்று விதித்தொகுப்பே அறிவுறுத்துகிறது. அந்தச் சீவல் தொலைந்தால் பெயர் அனாதையாகும். அதைவிடப் பெரிய இழப்பு, கட்டை எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடைத்தது என்ற விவரம் தொலைவது. இடம் தெரியாத கல்மரத்தை எவ்வளவு சீவிப் பார்த்தாலும் காலத்தைச் சொல்லவோ அருகில் கிடந்த இலையோடும் விதையோடும் இணைக்கவோ முடியாது. கல்மரத்தை உடைத்து மெருகேற்றி வீட்டு அலங்காரத்துக்கு விற்பவர்களும் வாங்குபவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். திருவக்கரைக்கும் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரே அடிமரம் கிடக்கிறது, பார்த்தால் மறக்க மாட்டார்கள். ஒரு சில்லைக்கூட எடுத்து வராதீர்கள். கிணறு வெட்டும்போதோ வரப்பு திருத்தும்போதோ கல்லான கட்டை தென்பட்டால், கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, சர்வே எண்ணையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறைக்கோ புவியியல் துறைக்கோ, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ தெரிவியுங்கள்.